லெபனான் மத வரைபடம்: எந்தக் கணக்கை நம்பி நிறம் பூசுவது?

#1 நெடுங்கோடு

மேல்நிலை மாணவர்களுக்காக லெபனானின் மதவாரி வரைபடம் ஒன்று தமிழில் வரைய வேண்டும். தாள் ஏ1. இணையத்தில் இருக்கும் படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே இல்லை. ஒன்றில் பேக்கா பள்ளத்தாக்கு முழுக்க ஷியா, இன்னொன்றில் அதுவே துண்டு துண்டாக. பெய்ரூட்டின் தெற்குப் புறநகர் ஒன்றில் ஷியா, மற்றொன்றில் பாதிக்கு மேல் மரோனைட் கிறிஸ்தவர். எந்தத் தரவை மூலமாக எடுப்பது? 1975-90 உள்நாட்டுப் போரின் மோதல் இடங்களையும் அதே படத்தில் குறித்தால் சரியாக வருமா?

#2 பதிவேடு

கடைசி அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு 1932இல், பிரெஞ்சு ஆட்சியின்போது நடந்தது. அதற்குப் பிறகு அரசு ஒருமுறைகூட மதவாரியாகத் தலை எண்ணவில்லை. 1932 கணக்கில் மொத்தம் சுமார் 7.85 லட்சம் பேர். மரோனைட் கிறிஸ்தவர் கிட்டத்தட்ட 29 சதவீதம், சுன்னி 22, ஷியா 20க்குச் சற்றுக் கீழே, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் 10க்குச் சற்றுக் கீழே, இஸ்லாத்திலிருந்து கிளைத்த தனிப் பிரிவான ட்ரூஸ் 7க்குக் கொஞ்சம் குறைவு, கிரேக்கக் கத்தோலிக்கர் 6. கிறிஸ்தவப் பிரிவுகள் எல்லாம் சேர்ந்து பாதியை நூலிழையில் தாண்டின. கப்பலேறி அமெரிக்கக் கண்டங்களுக்குப் போனவர்களையும் ஒரு வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். போனவர்களில் கிறிஸ்தவரே அதிகம் என்பதால் அந்த வரிசையைக் கூட்டியதும் இடைவெளி வசதியாகப் பெரிதானது.

இன்று சுற்றும் படங்கள் பெரும்பாலும் வாக்காளர் பட்டியலிலிருந்து வந்தவை. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிரிவு அச்சாகியிருக்கும். ஊர்வாரியாகக் கூட்டிவிட்டால் படம் தயார். சிக்கல் அங்கேதான்.

வாக்கு இருப்பது குடியிருக்கும் ஊரில் இல்லை, குடும்பப் பதிவேடு இருக்கும் ஊரில். தாத்தாவின் பெயர் தெற்கு எல்லையோர பிந்த் ஜ்பைலில் பதிவாகியிருந்தால், பேரன் பெய்ரூட்டிலேயே பிறந்து வளர்ந்தாலும் வாக்குப் போட பிந்த் ஜ்பைலுக்குத்தான் போக வேண்டும். கல்யாணமானால் பெண்ணின் பதிவு கணவரின் ஊருக்கு மாறிவிடும். ஹாரத் ஹ்ரைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெய்ரூட்டின் தெற்குப் புறநகரின் நடுவில், ஷியா அமைப்பான ஹெஸ்பொல்லாவின் அலுவலகங்கள் இருந்த இடம். முன்னாள் அதிபர் மிஷெல் அவூன் என்ற மரோனைட் பிறந்ததும் அங்கேதான். தெருவில் இறங்கினால் ஷியா ஊர், பட்டியலைப் புரட்டினால் வரிசையாகக் கிறிஸ்தவப் பெயர்கள். உங்கள் இரண்டு படங்களும் முரண்படுவது இதனால்தான். இரண்டுமே பொய்யில்லை. ஒன்று குடியிருப்பைக் காட்டுகிறது, மற்றது பதிவை.

வாக்குரிமை வயது 21. எனவே பிள்ளைகள் அதிகமுள்ள பிரிவு பட்டியலில் தன் அளவைவிடச் சிறுத்துத் தெரியும். வெளிநாட்டில் குடியேறி இரண்டு தலைமுறை ஆனவர் பெயரும் பட்டியலில் தொங்கிக்கொண்டிருப்பதால், அதிகம் வெளியேறிய பிரிவு பெருத்துத் தெரியும். இரண்டு பிழையும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன: கிறிஸ்தவர் பங்கு கூடும், முஸ்லிம் பங்கு குறையும்.

#3 தெக்கத்தியான்

வாக்காளர் பட்டியல்ல மதமா! இவ்வளவு சுத்து எதுக்கு? நம்ம 2011 கணக்கெடுப்புல தாலுகா வரைக்கும் மத விவரம் போட்டிருக்கான். அவங்களும் ஒரு தடவை எண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?

#4 சதுரங்கன்

எண்ணினால் நாற்காலி மாறும் தெக்கத்தியான். நமக்கு மதக் கணக்கு வெறும் புள்ளிவிவரம். அங்கே அதுவே ஆட்சிப் பங்கீடு.

1943 தேசிய உடன்பாடு எழுதப்படாத ஒப்பந்தம். அதிபர் மரோனைட், பிரதமர் சுன்னி, நாடாளுமன்றத் தலைவர் ஷியா என்ற வழக்கம் அதிலிருந்து வேர்விட்டது. நாடாளுமன்றத்தில் 6 கிறிஸ்தவருக்கு 5 முஸ்லிம். அந்தக் காலத்து அவைகளின் அளவைப் பாருங்கள்: 1943இல் 55, 1951இல் 77, 1953இல் 44, 1957இல் 66, 1960இல் 99. எல்லாமே 11ஆல் வகுபடும். 6+5 கெடக்கூடாது என்பதற்காக அவையைப் பதினொன்று பதினொன்றாகவே கூட்டிக் குறைத்தார்கள்.

உள்நாட்டுப் போரை முடிக்க எழுதிய 1989 தாயிஃப் ஒப்பந்தம் அதைச் சரிபாதி ஆக்கியது. ஒப்பந்தத்தில் 108 இடம், 1992 தேர்தலில் 128 ஆனது. பங்கீடு இப்படி: மரோனைட் 34, கிரேக்க ஆர்த்தடாக்ஸ் 14, கிரேக்கக் கத்தோலிக்கர் 8, ஆர்மீனிய ஆர்த்தடாக்ஸ் 5, ஆர்மீனியக் கத்தோலிக்கர் 1, புராட்டஸ்டண்ட் 1, மற்ற கிறிஸ்தவச் சிறுபிரிவுகளுக்கு 1, ஆக 64. மறுபக்கம் சுன்னி 27, ஷியா 27, ட்ரூஸ் 8, ஷியாவிலிருந்து கிளைத்த அலவி 2, ஆக 64.

இன்று ஒரு நேர்மையான கணக்கெடுப்பு நடந்தால் இந்தச் சரிபாதி நிற்காது. இழக்கப்போகிறவர் எண்ண விடமாட்டார். சுன்னி, ஷியா இரண்டில் யார் பெரியவர் என்பதும் வெளியே வந்துவிடும் என்பதால் மற்றவருக்கும் பெரிய அவசரமில்லை. தொகுதி மறுவரையறைக்கு எந்த ஆண்டுக் கணக்கை எடுப்பது என்று நம் நாட்டில் நடக்கும் இழுபறியைப் பார்ப்பவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை.

ஒன்றை மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள் நெடுங்கோடு. இடம் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டதே ஒழிய, வாக்கு அப்படியில்லை. தொகுதியில் இருக்கும் எல்லாப் பிரிவினரும் எல்லா வேட்பாளருக்கும் வாக்களிக்கலாம். பால்பெக்-ஹெர்மல் தொகுதியில் 10 இடம்: ஷியா 6, சுன்னி 2, மரோனைட் 1, கிரேக்கக் கத்தோலிக்கர் 1. அங்கே மரோனைட் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதில் ஷியா வாக்குக்கே கனம் அதிகம். "எங்கள் இடத்துக்கு எங்கள் ஆளை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்ற பொருமல் பல தேர்தல்களாக ஓயவில்லை. 2017 சட்டம் நாட்டை 15 தொகுதிகளாக வெட்டி, விகிதாசாரமும் விருப்ப வாக்கும் (பட்டியலுக்குள் ஒரு வேட்பாளரைத் தனியாகக் குறிப்பது) கொண்டுவந்ததில் இந்தப் பொருமலுக்கும் பங்குண்டு.

#5 மலையோரம்

நிறம் பூசும் முன் ஒரு நிலத்தோற்றப் படத்தை அடியில் போடுங்கள், பாதி விளங்கிவிடும். மொத்தப் பரப்பு 10,452 சதுர கி.மீ. தான். கடலோரப் பட்டை, அதையொட்டி 3,088 மீட்டர் வரை எழும் லெபனான் மலைத்தொடர், அதற்குக் கிழக்கே பேக்கா, அதற்கப்பால் சிரிய எல்லையோரம் இன்னொரு மலைத்தொடர்.

ஆட்சியாளர் கை எட்டாத உயரங்களில் சிறுபிரிவுகள் ஒண்டின. மரோனைட்டுகள் வடக்கே கதீஷா பள்ளத்தாக்கு, பிஷர்ரி பக்கம். ட்ரூஸ் ஷூஃப் மலையிலும் கிழக்கே ஹஸ்பயா, ரஷயாவிலும். ஷியா தெற்கே ஜபல் ஆமில் குன்றுகளிலும் வடகிழக்கே பால்பெக்கிலும். வணிகமும் உஸ்மானிய நிர்வாகமும் நடந்த துறைமுகங்களான திரிபோலி, பெய்ரூட், சிடோனில் சுன்னிகள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கூராவின் ஆலிவ் மேட்டிலும் நகரங்களிலும். ஸஹ்லே கிரேக்கக் கத்தோலிக்கரின் ஊர். பேக்காவில் அஞ்சர் என்று ஓர் ஆர்மீனிய ஊர் தனியாக நிற்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அலெக்சாண்டிரெட்டா பகுதி 1939இல் துருக்கிக்குப் போனபோது மூசா மலையிலிருந்து வந்தவர்களை அங்கே குடியமர்த்தினார்கள்.

இனி கோடு போட்ட கதை. 1843இல் உஸ்மானியர் மலையை இரண்டாக வெட்டினார்கள். பெய்ரூட்-டமாஸ்கஸ் சாலைக்கு வடக்கே கிறிஸ்தவ நிர்வாகி, தெற்கே ட்ரூஸ் நிர்வாகி. வரைபடத்தில் கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் சாலைக்குத் தெற்கே ஏராளமான கிறிஸ்தவ ஊர்கள் இருந்தன. தேய்ர் அல் கமர் ஷூஃபின் நடுவிலேயே இருக்கும் கிறிஸ்தவ ஊர். நிலம் ட்ரூஸ் பிரபுக்களிடம், உழுபவன் பெரும்பாலும் மரோனைட். யாருக்கு வரி கட்டுவது, யாரிடம் வழக்குச் சொல்வது என்று கேள்வி வந்தவுடன் கோடு பிளந்தது. 1845இல் மோதல், 1860இல் படுகொலை. தேய்ர் அல் கமர், ஹஸ்பயா, ரஷயா, ஸஹ்லே எல்லாம் அப்போது எரிந்தவை. பிறகு மலை முழுவதையும் ஒரே கிறிஸ்தவ ஆளுநரின் கீழ் வைத்தார்கள். ஆனால் அவர் லெபனான்காரராக இருக்கக் கூடாது. 1864இல் திருத்திய விதிப்படி ஆலோசனை மன்றத்தில் 12 பேர்: மரோனைட் 4, ட்ரூஸ் 3, ஆர்த்தடாக்ஸ் 2, கிரேக்கக் கத்தோலிக்கர், சுன்னி, ஷியா தலா 1. சதுரங்கன் சொன்ன நாற்காலிக் கணக்கின் மூதாதை இதுதான்.

1920 செப்டம்பர் 1 அன்று பிரெஞ்சுத் தளபதி கூரோ 'பெரிய லெபனானை' அறிவித்தபோது மலையோடு திரிபோலி, அக்கார், பெய்ரூட், சிடோன், டயர், பேக்கா எல்லாம் சேர்ந்தன. ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு முதல் உலகப் போர்க்காலப் பஞ்சம் ஒரு பெரிய காரணம். மலையில் விளையும் தானியம் மலைக்குப் போதாது. கடல் முற்றுகையும் வெட்டுக்கிளியும் சேர்ந்து ஊர் ஊராகக் கொன்றன. பேக்காவின் கோதுமையும் சொந்தத் துறைமுகமும் வேண்டும் என்று மரோனைட் தலைமை கேட்டது. கிடைத்தது. கூடவே அந்த நிலத்தில் வாழ்ந்த சுன்னிகளும் ஷியாக்களும் வந்தார்கள். மலையில் பெரும்பான்மையாக இருந்த கிறிஸ்தவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதிக்கு வந்து நின்றது பிறப்பு விகிதத்தால் அல்ல, எல்லைக் கோட்டால்.

#6 தெக்கத்தியான்

எல்லாம் சரிங்க. கடைசியில இது கிறிஸ்தவன்-முஸ்லிம் சண்டைதானே? ரெண்டு நிறம் போட்டு நடுவுல மோதல் புள்ளி வெச்சா ஆச்சு.

#7 மலையோரம்

வைத்துப் பாருங்கள், புள்ளிகள் கோட்டில் உட்காராது.

1975 ஏப்ரல் 13, ஐன் அல் ரும்மானேயில் பேருந்து மீது நடந்த தாக்குதல். அது உங்கள் கோட்டில் அழகாக உட்காரும். கிறிஸ்தவ ஐன் அல் ரும்மானேக்கும் ஷியா குடியிருப்பான ஷியாஹுக்கும் நடுவே ஒரு சாலைதான். ஆனால் இறந்தவர்கள் பெரும்பாலும் பாலஸ்தீனர்கள். அப்போதைய சண்டையின் மையக் கேள்வி, பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் லெபனான் மண்ணிலிருந்து இயங்கலாமா என்பது. 1976 ஜனவரியில் கிழக்கு பெய்ரூட்டின் முஸ்லிம் சேரியான கரன்தீனாவில் படுகொலை, சில நாட்களில் பதிலுக்கு டாமூர் என்ற கிறிஸ்தவ ஊரில். இரண்டும் எதிர்த்தரப்புப் பகுதியின் உள்ளே, தீவுபோல் மாட்டிக்கொண்ட இடங்கள். எல்லைக்கோட்டு ஊர்களைவிட இப்படி உள்ளே சிக்கிய ஊர்களில்தான் மக்கள் மொத்தமாகக் கொல்லப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள்.

1983 மலைப் போர் ட்ரூஸுக்கும் மரோனைட்டுக்கும். ஷூஃபிலிருந்து இஸ்ரேலியப் படை பின்வாங்கியதும் வெடித்தது. 1985-88 முகாம் போர்: ஷியா அமல் இயக்கம் ஷத்திலா போன்ற பாலஸ்தீன முகாம்களை முற்றுகையிட்டது. இரு பக்கமும் முஸ்லிம்கள். 1988-90: அமலும் ஹெஸ்பொல்லாவும், இரண்டும் ஷியா. 1990: தளபதி அவூனின் ராணுவப் பிரிவும் லெபனான் படைகள் என்ற அமைப்பும், இரண்டும் மரோனைட் தலைமை, சண்டை நடந்தது கிழக்கு பெய்ரூட்டிலேயே. உங்கள் படத்தில் இந்தப் புள்ளிகள் ஒரே நிறத்தின் நடுவில் விழும். பார்ப்பவர் அச்சுப்பிழை என்று நினைப்பார்.

திரிபோலியில் ஜபல் மொஹ்சென், பாப் அல் தப்பானே. மேட்டில் அலவிகள், கீழே சுன்னிகள், நடுவில் 'சிரியா தெரு'. மேட்டிலிருந்து கீழே தெரு தெருவாகக் குறிபார்க்கலாம். 2008இலிருந்து 2014 ஏப்ரல் பாதுகாப்புத் திட்டம் வரை திரும்பத் திரும்பச் சுட்டுக்கொண்டார்கள். இரண்டுமே நாட்டின் மிக ஏழைக் குடியிருப்புகளில் சேர்ந்தவை. நாடு முழுவதற்குமான படத்தில் இது ஒரு குண்டூசி முனைக்குக்கூடத் தேறாது.

#8 நெடுங்கோடு

அப்படியானால் ஒரே படத்தில் எல்லாம் வராது என்று புரிகிறது. நடைமுறையில் எப்படிப் பிரிப்பது? அலகு எது, நிறம் எத்தனை?

#9 கட்டம்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எல்லைக் கோப்பை முதலில் சோதியுங்கள். பழைய கோப்புகளில் 6 மாகாணங்கள்தான் இருக்கும். அக்காரும் பால்பெக்-ஹெர்மலும் 2003 சட்டத்தில் பிரிந்தவை, கெஸ்ரவான்-ஜுபைல் 2017இல். மாகாணத்தையோ மாவட்டத்தையோ அலகாக எடுத்தால் படம் பொய் சொல்லும். ஜுபைல் மாவட்டத்தை முழுக்க மரோனைட் நிறத்தில் நிரப்பினால், அதன் மலையூர்களில் நூற்றாண்டுகளாக இருக்கும் ஷியாக்கள் காணாமல் போவார்கள். அந்த மாவட்டத்தின் மூன்று இடங்களில் ஒன்று ஷியாவுக்கு. பிந்த் ஜ்பைலை ஷியா நிறத்தில் நிரப்பினால் ரமேய்ஷ், ஐன் எபெல், டெப்ல் போன்ற கிறிஸ்தவ ஊர்கள் மறையும். அலகு ஊராகவே இருக்கட்டும்.

பரப்பை நிரப்பாமல் புள்ளி வையுங்கள். மலை உச்சியில் ஆளே இல்லாத நூற்றுக்கணக்கான சதுர கி.மீ. இருக்கிறது. நிரப்பினால் அது முழுக்க யாரோ ஒருவர் 'ஆளுவது' போலத் தோன்றும். நெருக்கமான பெய்ரூட் நகராட்சியோ சுமார் 20 சதுர கி.மீ. தான். 1:2,50,000 அளவில் நாடு ஏ1 தாளில் அடங்கும், ஆனால் அந்த 20 சதுர கி.மீ. இரண்டு செ.மீ. சதுரத்துக்குள் அடங்கிவிடும். பெய்ரூட்டுக்கும் திரிபோலிக்கும் 1:25,000இல் தனிக் கட்டம் ஓரத்தில் போடுங்கள். புள்ளியை மென்பொருள் ஊர் எல்லைக்குள் கண்டபடி தூவும், ஓடையிலும் பாறையிலும்கூட. கட்டடப் படலத்தை முகமூடியாகக் கொடுத்து அதற்குள் மட்டும் தூவச் சொல்லுங்கள்.

பெரும்பான்மையை மட்டும் காட்டும் நிறம் வேண்டாம். 51-49 ஊரும் 99-1 ஊரும் ஒரே நிறத்தில் வரும். மோதலைப் படிக்க வருபவருக்கு இந்த இரண்டின் வித்தியாசம்தான் முக்கியம். புள்ளி முறையில் கலப்பு தானாகவே தெரியும்.

நிறத்தேர்வில் பலரும் வழுக்குவது இங்கே. மஞ்சள் ஹெஸ்பொல்லாவின் கொடி, பச்சை அமல், நீலம் சுன்னித் தலைவர் ஹரீரியின் கட்சி, ஆரஞ்சு அவூனின் கட்சி. ஷியாவுக்கு மஞ்சள் பூசினால் செய்தி பார்ப்பவர் அதைக் கட்சிப் படமாகப் படிப்பார். பழுப்பு, ஊதா, இளஞ்சிவப்பு, கருநீலச்சாம்பல் மாதிரி எந்தக் கட்சியும் கைவைக்காதவற்றை எடுங்கள். ஏழு நிறத்துக்கு மேல் கண் பிரித்தறியாது. மரோனைட், ஆர்த்தடாக்ஸ், கிரேக்கக் கத்தோலிக்கர், ஆர்மீனியர், சுன்னி, ஷியா, ட்ரூஸ். அலவிக்கு நிறம் வேண்டாம், ஒரு குறியீடு போதும்.

#10 நெடுங்கோடு

சட்டப்படி 18 பிரிவு என்கிறார்களே, மற்றவை?

#11 பதிவேடு

12 கிறிஸ்தவம், 5 இஸ்லாமியப் பட்டியலில் (ட்ரூஸ், அலவி, இஸ்மாயிலி உட்பட), 1 யூதம். காப்டிக் கடைசியாக 1996இல் சேர்ந்தது. திருமணம், மணமுறிவு எல்லாம் அந்தந்தப் பிரிவின் நீதிமன்றத்தில். உள்நாட்டில் குடிமைத் திருமணச் சட்டம் கிடையாது. அதனால்தான் கலப்பு மணம் செய்பவர்கள் சைப்ரஸுக்கு விமானம் ஏறுகிறார்கள். திரும்பி வந்தால் அந்தத் திருமணத்தை அரசு பதிவு செய்துகொள்ளும். 2009இல் உள்துறை அமைச்சர் ஸியாத் பாரூத் ஒரு சுற்றறிக்கை விட்டார்: விரும்புபவர் பதிவேட்டில் தன் பிரிவை நீக்கிக்கொள்ளலாம். நீக்கியவர் உங்கள் படத்தில் எந்தப் புள்ளியும் ஆகமாட்டார்.

இன்னொரு பெரிய விடுபடல். பாலஸ்தீன முகாம்கள் 12. 2017இல் அங்கேயும் சுற்றுப்புறங்களிலும் எடுத்த கணக்கில் 1,74,422 பேர், ஐ.நா. முகமையின் பதிவேட்டிலோ 4.5 லட்சத்துக்கு மேல். வெளியேறியவரை அது நீக்குவதில்லை. பெரும்பாலோர் சுன்னிகள். குடியுரிமை தராததற்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணமே பிரிவுச் சமநிலை. சிரிய அகதிகள் உச்சத்தில் 11 லட்சத்துக்கு மேல் பதிவாகியிருந்தார்கள். யாருமே பட்டியலில் இல்லை. இவர்களைக் கோடுபோட்ட தனிப் படலமாக வையுங்கள். குடிமக்களின் புள்ளிகளோடு கலக்காதீர்கள், விட்டுவிடவும் வேண்டாம்.

#12 தெக்கத்தியான்

போர் முடிஞ்சு இவ்வளவு வருஷம் ஆச்சே. கலந்து வாழ ஆரம்பிக்கலையா?

#13 மலையோரம்

கொஞ்சம். ஷூஃபிலிருந்து விரட்டப்பட்ட கிறிஸ்தவர்கள் திரும்ப, 2001 ஆகஸ்டில் மரோனைட் முதுபெரும் தந்தை ஸ்ஃபேர் ட்ரூஸ் தலைவர் ஜும்பிளாத்தின் முக்தாரா இல்லத்துக்கே போனார். சமாதானம் நிஜம். ஆனால் திரும்பியவர் பலர் வீட்டைப் பழுதுபார்த்து வார இறுதிக்கு வருபவர்கள். பிள்ளைகளின் பள்ளியும் வேலையும் பெய்ரூட்டிலேயே அமைந்துவிட்டன. பட்டியலில் அந்த ஊர் நிரம்பியிருக்கும், பிப்ரவரியில் போனால் பூட்டிக்கிடக்கும்.

மறுபக்கம் பாருங்கள். பாப்தா மாவட்டத்து ஹதத் நகராட்சி, ஊரில் முஸ்லிம்களுக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வைத்திருந்த கட்டுப்பாடு 2019இல் வெளியே வந்து நாடே பேசியது. ஹாரத் ஹ்ரைக் பக்கத்து ஊர்தான். அங்கே நடந்த மாற்றம் இங்கே நடக்கக் கூடாது என்பதுதான் கட்டுப்பாட்டின் பொருள். 2021 அக்டோபர் 14இல் தய்யூனேயில் துப்பாக்கிச்சூடு, ஏழு பேர் சாவு. இடம் மீண்டும் அதே ஷியாஹ்-ஐன் அல் ரும்மானே நடுச்சாலை. அன்று தெருவில் இறங்கிய கூட்டம் எதற்காக? பெய்ரூட் துறைமுக வெடிப்பை விசாரித்த நீதிபதியை நீக்கச் சொல்லி.

#14 சதுரங்கன்

வேலைவாய்ப்பிலும் இதே கதை. தாயிஃபுக்குப் பிறகு முதல்நிலைப் பதவிகளுக்கு மட்டும்தான் சரிபாதி என்று அரசமைப்பின் 95ஆவது பிரிவு சொல்கிறது. ஆனாலும் தேர்வில் தேறிய காட்டுக் காவலர்களின் நியமனம் பல ஆண்டுகள் நின்றது, தேறியவர்களில் முஸ்லிம்கள் மிகுதி என்பதற்காக. மரம் காக்கும் வேலைக்கும் சரிபாதி.

#15 கட்டம்

நெடுங்கோடு, அப்படியென்றால் மூன்று படலமாக வையுங்கள். முதலாவது பதிவு: வாக்காளர் பட்டியல் புள்ளிகள், சதவீத எண் எங்கும் அச்சிடாமல். இரண்டாவது குடியிருப்பு: தெற்குப் புறநகர், ஆர்மீனியர் வாழும் பூர்ஜ் ஹம்மூத், முகாம்கள், அகதிகள். இதற்கு முழு நாட்டுத் தரவு கிடையாது, எனவே தோராயப் பகுதிகளாக மங்கலான விளிம்போடு. மூன்றாவது மோதல்: ஒவ்வொரு குறியிலும் ஆண்டும் இரு தரப்பின் பெயரும். மதத்தின் பெயர் போடாமல் அமைப்பின் பெயர். 'அமல்-ஹெஸ்பொல்லா 1988-90' என்று எழுதினால் ஒரே நிறத்துக்குள் புள்ளி விழுவது ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பெய்ரூட் கட்டத்தில், போர்க்காலத்தில் நகரைக் கிழக்கு மேற்காகப் பிரித்த பசுமைக் கோட்டைத் தியாகிகள் சதுக்கத்திலிருந்து டமாஸ்கஸ் சாலை வழியே தேசிய அருங்காட்சியகம், தய்யூனே என்று இறக்குங்கள். அருங்காட்சியகம் பக்கத்துக் கடவைப் பாதையைத் தனியாகக் குறியுங்கள். இருபுறமும் ஆள் கடந்த சில இடங்களில் அது முக்கியமானது.

#16 நெடுங்கோடு

அப்படியே செய்கிறேன். விளக்கக் கட்டத்துக்கு இந்த வாசகம் போதுமா: "புள்ளிகள் 21 வயது நிரம்பிய லெபனான் குடிமக்களின் குடும்பப் பதிவு ஊரைக் காட்டுகின்றன; வசிப்பிடத்தை அல்ல. வெளிநாடு சென்றவரும் இதில் உண்டு. 1932க்குப் பின் மதவாரிக் கணக்கெடுப்பு இல்லை."

#17 பதிவேடு

போதும். பட்டியல் எந்தத் தேர்தலுக்கானது என்ற ஆண்டையும் சேருங்கள். 2022 பட்டியலில் ஏறக்குறைய 39.7 லட்சம் பெயர்கள், வெளிநாட்டில் பதிந்தவர் உட்பட. வாசகத்தை மூலையில் சிறிய எழுத்தில் ஒளிக்காமல் தலைப்புக்கு நேர் கீழே போடுங்கள்.